"தெரியும்" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அறிவும் ஐயவாதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவு பற்றிய தத்துவத்தை முதன்முதலாகப் படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஐயவாதம், அதாவது "தெரியும்" என்று நாம் சொல்வதையே கேள்விக்கு உள்ளாக்கும் சிந்தனை, என்றதும் சிலர் வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேறு சிலருக்கு அது உண்மையாகவே தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டு தரப்பாருக்கும் இதில் ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கவில்லை. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம்.

அறிவு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியுமே, இதில் என்ன கேள்வி?

அந்தத் "தெரியும்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். "எனக்கு நீச்சல் தெரியும்." "அவரை எனக்குத் தெரியும்." "பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எனக்குத் தெரியும்." சொல் ஒன்றுதான், விஷயம் மூன்று. முதலாவது ஒரு திறமை, இரண்டாவது ஓர் அறிமுகம், மூன்றாவது ஒரு செய்தி உண்மை என்பது பற்றியது. தத்துவத்தில் பெரும்பாலான சண்டை மூன்றாவதைப் பற்றித்தான்.

அந்த மூன்றாவதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. "வெளியே மழை பெய்கிறது என்று அவன் நினைக்கிறான், ஆனால் பெய்யவில்லை" என்று சொல்லலாம். "வெளியே மழை பெய்கிறது என்று அவனுக்குத் தெரியும், ஆனால் பெய்யவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், வாக்கியம் தன்னைத் தானே முறித்துக்கொள்கிறது. நினைப்பதற்கு என் மனம் ஒன்றே போதும். தெரிவதற்கு உலகமும் ஒத்துவர வேண்டும்.

"நான் நினைக்கிறேன்" என்று சொல்லும் நாம் "நான் தெரிகிறேன்" என்று சொல்வதில்லை, "எனக்குத் தெரியும்" என்கிறோம். நினைப்பதை நான் செய்கிறேன். தெரிவது எனக்கு நேர்கிறது. தூரத்து மலை கண்ணுக்குத் தெரிகிறது என்பதும் இதே சொல்தான். இலக்கணத்திலிருந்து தத்துவத்தை அப்படியே உருவிவிட முடியாது. ஆனாலும் நினைப்புக்கும் அறிவுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பதைப் பேச்சு வழக்கே உணர்ந்திருக்கிறது. அந்த இடைவெளியை எது நிரப்புகிறது என்பதுதான் கேள்வி.

நான் நம்புவது உண்மையாக இருந்தால் போதாதா?

போதாது. நாணயத்தைச் சுண்டிவிட்டு "தலைதான் விழும்" என்று ஒருவர் மனதார நம்புகிறார், தலையே விழுகிறது. அவருக்கு முன்பே தெரியும் என்று யாரும் சொல்ல மாட்டோம். நம்பிக்கை இருந்தது, உண்மையும் இருந்தது, இரண்டும் தற்செயலாகச் சேர்ந்துகொண்டன.

பழைய கிரேக்கத் தத்துவ ஆசிரியர் பிளேட்டோ இதை ஒரு உரையாடல் நூலில் வேறு விதமாகக் கேட்கிறார். லாரிசா என்ற ஊருக்குப் போக இரண்டு பேர் வழி காட்டுகிறார்கள். ஒருவர் அந்த வழியில் போய் வந்தவர். இன்னொருவர் போனதே இல்லை, ஆனால் அவருடைய ஊகம் சரியாக அமைந்துவிட்டது. இருவர் பின்னால் போனாலும் ஊர் வந்துவிடும். அப்படியானால் அறிவுக்கு என்ன கூடுதல் மதிப்பு? தன் ஆசான் சாக்ரடீஸ் வாயிலாக அவர் தரும் பதில் அழகானது: சரியான ஊகங்கள், கட்டிப்போடாவிட்டால் ஓடிவிடுவதாகச் சொல்லப்படும், கிரேக்கப் புராணச் சிற்பி டெடலஸின் சிலைகளைப் போன்றவை. காரணம் என்ற கயிற்றால் கட்டினால்தான் அவை நிலைத்து நிற்கும். ஊகத்தில் போகிறவர் வழியில் ஒரு பள்ளத்தைப் பார்த்ததும் திரும்பிவிடலாம். தெரிந்தவர் திரும்ப மாட்டார்.

இதிலிருந்துதான் "அறிவு என்பது தகுந்த காரணமுள்ள உண்மையான நம்பிக்கை" என்ற வாய்பாடு பிறந்தது. பிளேட்டோ வேறொரு உரையாடலில் இதற்கு நெருக்கமான ஒன்றை எடுத்துச் சோதித்துவிட்டு, இதுவும் போதாது என்று விடை இல்லாமலேயே முடிக்கிறார். பாடப் புத்தகங்கள் இதை அவர் தலையில் கட்டிவிடும்போது அந்தப் பகுதி விட்டுப்போகிறது.

கெட்டியர் சிக்கல் என்கிறார்களே, அது என்ன?

1963-இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உண்மை, நம்பிக்கை, தகுந்த காரணம் மூன்றும் இருந்தும் அறிவு இல்லாமல் போகலாம் என்று இரண்டு எடுத்துக்காட்டுகளால் காட்டினார். அந்தத் துறை இன்றுவரை அதிலிருந்து மீளவில்லை என்று சொல்வது மிகையாகாது.

அவருடைய எடுத்துக்காட்டுகள் கொஞ்சம் சுற்றி வளைத்தவை. எளிதாக இப்படி வைத்துக்கொள்ளலாம். நூலகத்தில் உங்கள் நண்பர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறீர்கள். "அவர் நூலகத்தில் இருக்கிறார்" என்று நம்புகிறீர்கள். நீங்கள் பார்த்தது அவரை அல்ல, நீங்கள் கேள்விப்பட்டே இராத அவருடைய இரட்டைச் சகோதரரை. ஆனால் நண்பரும் அன்று அதே நூலகத்தின் மாடியில்தான் இருக்கிறார். உங்கள் நம்பிக்கை உண்மை. கண்ணால் பார்த்தது நல்ல காரணம். இருந்தும் அவர் அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும் என்று சொல்ல மனம் வருகிறதா? எனக்கு வரவில்லை.

இந்தச் சிக்கல் 1963-இல்தான் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். பௌத்தத் தருக்க அறிஞரான தர்மோத்தரர் 8-ஆம் நூற்றாண்டிலேயே இதே வடிவத்தில் யோசித்திருக்கிறார். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், இன்னும் புகை எழவில்லை. வாசனைக்குப் பூச்சிக் கூட்டம் ஒன்று மேலே மொய்க்கிறது. தூரத்தில் நிற்பவர் அதைப் புகை என்று நினைத்து "அங்கே நெருப்பு இருக்கிறது" என்று முடிவு செய்கிறார். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து, தற்செயலாகச் சரியான நேரத்தைச் சொல்லிவிடுபவரைப் பற்றி பிரிட்டிஷ் தத்துவ ஆசிரியர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் கெட்டியருக்கு முன்பே பேசியிருக்கிறார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மனிதர்கள், நூற்றாண்டுகள் தள்ளி, ஒரே பள்ளத்தில் கால் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பள்ளம் உண்மையானதுதான்.

இதற்குத் தீர்வு கிடைத்துவிட்டதா?

எல்லோரும் ஒப்புக்கொண்ட தீர்வு இல்லை. நம்பிக்கைக்கு வந்து சேர்ந்த யோசனையில் பொய்யான இடைப்படி எதுவும் இருக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். நம்பிக்கைக்கும் உண்மைக்கும் நடுவே சரியான காரணத் தொடர்பு வேண்டும் என்று வேறு சிலர் சொன்னார்கள். அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஆல்வின் கோல்ட்மன் 1979-இல், நம்பகமான வழிமுறையால் உண்டான நம்பிக்கைக்கே தகுதி உண்டு, அந்த வழிமுறையை நமக்கு விளக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று வாதிட்டார். ஒவ்வொன்றுக்கும் மறு எடுத்துக்காட்டு வந்துகொண்டே இருக்கிறது.

என் கணிப்பில், இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஓடும் எண்ணம் ஒன்றுதான்: அறிவு அதிர்ஷ்டத்தால் வந்ததாக இருக்கக் கூடாது. அதை ஓட்டையில்லாத வரையறையாக எழுத முடியவில்லை என்பதற்காக அந்த எண்ணமே பொய்யாகிவிடாது. "விளையாட்டு" என்ற சொல்லுக்கும் நம்மிடம் ஓட்டையில்லாத வரையறை இல்லை.

அறிவு எந்தெந்த வழியில் வருகிறது?

இதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: அளவை. வடமொழியில் பிரமாணம். துணியை அளக்க முழம் இருப்பது போல, பொருளை அறிய ஒரு கோல். எத்தனை கோல்கள் என்பதில் இந்தியத் தத்துவப் பள்ளிகள் பிரிந்து நிற்கின்றன. பொருள்முதல்வாதிகளான சார்வாகர் காண்டல் ஒன்றே போதும் என்றனர். பௌத்தத் தருக்கவாதிகள் காண்டலும் கருதலும், அதாவது கண்டு அறிவதும் ஊகித்து அறிவதும், என இரண்டு. தருக்கத்தை ஆராய்ந்த நியாயப் பள்ளியினரான நையாயிகர்கள் ஒப்புமையையும் நம்பத் தகுந்தவர் வாய்ச்சொல்லையும் சேர்த்து நான்கு. வேதத்தின் பொருளை ஆராய்ந்த மீமாம்சகர்களில் குமாரிலர் என்ற ஆசிரியரின் வழியினர் ஆறு. 13-ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பத்து வரை எண்ணிக் காட்டிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது உரை, அதாவது பிறர் சொல்லி அறிவது. உங்கள் பிறந்த நாள் உங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? நீங்கள் அங்கே இருந்தீர்கள், ஆனால் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. யாரோ சொன்னார்கள், ஒரு சான்றிதழில் எழுதியிருந்தது. உங்கள் பெற்றோர் யார், பூமியின் வயது என்ன, நீங்கள் போகாத கண்டத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது எல்லாமே இப்படி வந்தவைதான். நவீன ஐரோப்பியத் தத்துவம் தனியாக உட்கார்ந்து யோசிக்கும் ஒரு மனிதனையே நீண்ட காலம் மாதிரியாக வைத்திருந்ததால், பிறர் வாய்ச்சொல்லை ஏறக்குறைய இரண்டாந்தரமாக நடத்தியது. அது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். நமக்குத் தெரிந்தவற்றில் நாமே சோதித்தது மிகக் கொஞ்சம். அறிவு என்பது பல பேர் சேர்ந்து தாங்கும் கூரை.

ஐயவாதி என்றால் எதையும் நம்பாதவரா?

இல்லை. "எதையும் அறிய முடியாது" என்று அடித்துச் சொன்னால் அதுவே ஓர் உறுதியான கூற்று. பழைய கிரேக்க ஐயவாதிகள் அந்தப் பக்கமும் சாயவில்லை. அவர்களைக் குறித்த கிரேக்கச் சொல்லுக்குத் தேடுபவர், ஆராய்பவர் என்றே பொருள். அவர்களின் மூல ஆசானாகச் சொல்லப்படும் பிர்ரோ, அலெக்சாண்டரின் படையோடு இந்தியா வரை வந்து இங்குள்ள துறவிகளைச் சந்தித்ததாகப் பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. அவர் எதுவும் எழுதி வைக்கவில்லை. நமக்கு விரிவாகக் கிடைப்பது பல நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்த செக்ஸ்டஸ் எம்பிரிகஸின் எழுத்து.

செக்ஸ்டஸ் ஒரு கதை சொல்கிறார். அபெல்லஸ் என்ற ஓவியர் குதிரையின் வாயில் தள்ளும் நுரையை வரையப் பலமுறை முயன்று தோற்று, வெறுத்துப்போய்த் தூரிகை துடைக்கும் பஞ்சைப் படத்தின் மேல் எறிந்தார். பஞ்சு பட்ட இடத்தில் நுரை தானாக வந்துவிட்டது. ஐயவாதியும் அப்படித்தான்: எது உண்மை என்று முடிவு கண்டு அமைதி பெறப் பார்த்தார், இரண்டு பக்க வாதமும் சமபலமாக நின்றது, முடிவு சொல்வதை நிறுத்தினார். தேடிய அமைதி அப்போது வந்து சேர்ந்தது. அவர்களுக்கு ஐயம் ஒரு மருந்து. தேன் இனிப்பாக இருக்கிறது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. தேன் தன்னளவில் இனிப்பானதுதானா என்பதில்தான் வாய் திறக்கவில்லை.

ஐயவாதத்தின் மிக வலுவான வாதம் எது?

பலர் கனவு வாதத்தைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அக்ரிப்பா என்ற பழைய ஐயவாதியின் பெயரில் வழங்கும் வாதம்தான். அதற்குக் கற்பனை எதுவும் தேவையில்லை, ஒரு குழந்தைகூடக் கேட்கும் "ஏன்?" போதும்.

நீங்கள் ஒன்றைச் சொல்கிறீர்கள். எப்படித் தெரியும் என்று கேட்கிறேன். ஒரு காரணம் தருகிறீர்கள். அது எப்படித் தெரியும்? இன்னொரு காரணம். இப்படியே போனால் மூன்றில் ஒன்றுதான் நடக்கும். காரணங்கள் முடிவில்லாமல் நீளும். அல்லது சுற்றி வந்து முதலில் சொன்னதையே காரணமாகக் காட்டுவீர்கள். அல்லது ஓரிடத்தில் "இது அப்படித்தான்" என்று நிறுத்திக்கொள்வீர்கள். முடிவில்லாத சங்கிலியை யாரும் முடித்துக் காட்ட முடியாது. வட்டம் எதையும் நிரூபிக்காது. வெறுமனே நிறுத்துவது என்றால் எதிரியும் எதிர்க்கருத்தில் அப்படியே நிறுத்திக்கொள்ளலாம். நான்காவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ஜுனர் இதையே அளவைகளை நோக்கிக் கேட்டார்: பொருள்களை அளவை நிலைநாட்டுகிறது என்றால் அளவையை நிலைநாட்டுவது எது? வேறோர் அளவை என்றால் அதற்கு? நையாயிகர்களின் பதில் எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்து, பிறகு ஒரு நாள் பளிச்சென்று புரிந்தது. துலாக்கோலைப் பாருங்கள் என்றார்கள். தங்கத்தை நிறுக்கும்போது அது அளக்கும் கருவி. அதே தராசு சரியா என்று ஐயம் வந்தால், எடை தெரிந்த தங்கத்தை வைத்து அந்தத் தராசையே சோதிக்கலாம். அப்போது அது அளக்கப்படும் பொருள். எல்லாத் தராசுகளையும் ஒரே நேரத்தில் சோதிக்க முடியாது. ஆனால் சோதிக்கவே முடியாத தராசு என்று ஒன்றும் இல்லை.

இதை ஐயவாதி வட்டம் என்பார். அந்தக் குற்றச்சாட்டு அர்த்தமற்றது இல்லை. ஆனால் ஒரே கூற்று தன்னையே தாங்கும் குறுகிய வட்டத்துக்கும், பல கூற்றுகள் ஒன்றையொன்று தாங்கி, எது தளர்ந்தாலும் காட்டிக்கொடுக்கும் வலைக்கும் வேறுபாடு உண்டு.

நான் இப்போது கனவு காணவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர் ரெனே தெக்கார்த் 1641-இல் வெளியிட்ட "தியானங்கள்" என்ற நூலில் கேட்ட கேள்வி இது. கணப்பருகே உட்கார்ந்து கையில் தாளோடு இருப்பதாக எத்தனை முறை கனவு கண்டிருக்கிறேன், இதுவும் அப்படி இல்லை என்று காட்ட உறுதியான அடையாளம் ஏதாவது உண்டா? பிறகு இன்னும் போய், எல்லாவற்றிலும் என்னை ஏமாற்றும் வல்லமையுள்ள ஒரு தீய சக்தி இருந்தால் என்று கேட்டார். தொட்டியில் மிதக்கும் மூளைக்குக் கணினி பொய்யான உலகத்தைக் காட்டுகிறது என்ற இன்றைய கதை அதன் பேரப்பிள்ளை.

கதையை விடுங்கள், வாதத்தின் எலும்பைப் பாருங்கள். எனக்குக் கைகள் இருப்பது தெரியும் என்றால், நான் வெறும் தொட்டி மூளை இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நான் தொட்டி மூளை இல்லை என்பது எனக்குத் தெரியாது, ஏனென்றால் இரண்டு நிலையிலும் எனக்குக் கிடைக்கும் அனுபவம் ஒன்றே. ஆகவே எனக்குக் கைகள் இருப்பதும் தெரியாது. இரண்டு முன்கூற்றுகளும் நியாயமாகத் தோன்றுகின்றன, முடிவு மட்டும் தாங்க முடியாததாக இருக்கிறது. வாதம் இவ்வளவு காலம் உயிரோடிருப்பதற்குக் காரணம் இதுதான்.

"நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்று தெக்கார்த் சொன்னது போதாதா?

அதை மட்டும் வைத்து வெளியுலகத்துக்கு வந்து சேர முடியவில்லை. தெக்கார்த் கடவுளின் நன்மையைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. அதோடு, கிடைத்தது "நான்" என்ற ஆளா, வெறும் சிந்தனை நடப்பதா என்பதிலும் கேள்வி எழுந்தது. மின்னுகிறது என்று சொல்வது போல "சிந்திக்கப்படுகிறது" என்று சொன்னால் போதுமே என்று 18-ஆம் நூற்றாண்டில் லிஷ்டன்பர்க் என்ற ஜெர்மன் அறிஞர் குறித்து வைத்தார். "தோன்றுகிறது" என்று யாருக்கு என்று சொல்லாமலே வாக்கியத்தை முடிக்கும் நமக்கு, அவர் சொல்ல வருவது உடனே பிடிபடும்.

அறிவியல் எல்லாவற்றையும் நிரூபித்துவிடவில்லையா?

அறிவியல் மிகச் சிறந்த அறிவைத் தருகிறது. ஆனால் ஐயவாதிக்கு அது பதில் ஆகாது, அது நிற்கும் தரையைத்தான் அவர் கேட்கிறார். இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்று எப்படித் தெரியும் என்று 18-ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்துத் தத்துவ ஆசிரியர் டேவிட் ஹியூம் கேட்டார். இதுவரை அப்படி நம்பி ஏமாறவில்லையே என்றால், அதே "இதுவரை"யைத்தான் மறுபடி காரணமாக்குகிறோம். ஊகத்தை ஏற்காத சார்வாகரும் இதே இடத்தில்தான் கை வைத்தனர்: நெருப்போடு புகையைக் கண்ட இடங்கள் சில, காணாத இடங்கள் கணக்கில்லை.

இது வெறும் பேச்சு அல்ல. அன்னம் என்றாலே வெள்ளைதான் என்று ஐரோப்பியர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். 1697-இல் டச்சு மாலுமிகள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் கறுப்பு அன்னங்களைப் பார்த்தார்கள். நியூட்டனின் ஈர்ப்பு விதி 1687-இலிருந்து வானத்தையே கணக்கிட்டுச் சொன்னது. ஆனால் புதன் கோளின் பாதையில், நூறு ஆண்டுக்கு 43 வில்விநாடி அளவுக்கு, அது விளக்க முடியாத ஒரு சின்ன நகர்வு எஞ்சியது. ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய பிசகை 1915-இல் ஐன்ஸ்டைனின் புதிய கோட்பாடுதான் விளக்கியது. அறிவியலை நான் நம்புவதற்கு முக்கியக் காரணமே இந்த நிகழ்ச்சிதான். தன் தராசு தப்பு என்பதைக் காட்டக்கூடிய அளவையும் அதுவே வைத்திருக்கிறது.

சரி, ஐயவாதிக்கு யாராவது நேரடியாகப் பதில் சொன்னார்களா?

ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் ஜி. இ. மூர் 1939-இல் ஓர் உரையில் தன் கைகளைத் தூக்கிக் காட்டினார். இதோ ஒரு கை, இதோ இன்னொரு கை, ஆகவே வெளியுலகம் இருக்கிறது. முதலில் கேட்பவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: உங்கள் வாதத்தின் முன்கூற்றுகளைவிட என் கைகள் எனக்கு உறுதி, பிறகு நான் ஏன் கைகளை விட்டுவிட்டு முன்கூற்றுகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

ஆஸ்திரியாவில் பிறந்த தத்துவ ஆசிரியர் விட்கென்ஸ்டைன் 1951-இல் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வரை இதைப் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். மூர் "தெரியும்" என்ற சொல்லைத் தப்பாகப் பயன்படுத்துகிறார் என்பது அவர் கருத்து. கதவு திரும்ப வேண்டுமானால் கீல் அசையாமல் இருக்க வேண்டும். எனக்குக் கைகள் உண்டு, உலகம் நான் பிறப்பதற்கு முன்பே இருந்தது என்பவை கீல்கள். அவற்றை நாம் நிரூபித்து அடையவில்லை. நிரூபிப்பதும் ஐயப்படுவதும் அவற்றின் மேல்தான் சுழல்கின்றன. அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஹிலாரி பட்னம் 1981-இல் வேறு வழியில் போனார்: எப்போதும் தொட்டியிலேயே இருந்த மூளை "தொட்டி" என்று சொன்னால் அந்தச் சொல் உண்மைத் தொட்டியைக் குறிக்கவே குறிக்காது, ஆகவே "நான் தொட்டி மூளை" என்பதை உண்மையாக நினைக்கவே முடியாது. கெட்டிக்காரத்தனமான வாதம், என் கலக்கத்தை அது தீர்க்கவில்லை.

எனக்கு மிக நெருக்கமாக இருப்பது இந்திய மண்ணில் மூன்று நூற்றாண்டு நீண்ட ஒரு விவாதம். நையாயிகரான உதயனர், ஐயம் எதுவரை போகலாம் என்று கேட்டு, முரண்பாடு வரும்வரை என்று ஒரு செய்யுளில் எல்லை போட்டார். ஐயப்படுபவரின் ஐயம் அவருடைய செயலோடு மோதும் இடத்தில் அது நின்றாக வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் அத்வைத வேதாந்தியான ஸ்ரீஹர்ஷர், உங்கள் செய்யுளில் சில எழுத்துகளை மாற்றிப் படித்தால் போதும் என்று சொல்லி, அதே செய்யுளைத் திருப்பி அனுப்பினார்: முரண்பாடு இருக்கிறதென்றால் முரண்படுவதற்கு ஓர் ஐயமும் அங்கே இருக்கிறது, பிறகு முரண்பாடு எப்படி ஐயத்துக்கு எல்லையாகும்? அடியோடு வாரிவிடும் பதில்.

14-ஆம் நூற்றாண்டில் இன்னொரு நையாயிகரான கங்கேசர் இதை எடுத்துக்கொண்டார். புகை வேண்டும் என்பதற்காக நெருப்பை மூட்டுகிறீர்கள். பசியாற உண்கிறீர்கள். பிறருக்குப் புரிய வேண்டும் என்று பேசுகிறீர்கள். நெருப்பு புகையைத் தருமா, உணவு பசியாற்றுமா, சொல் பொருளைச் சேர்க்குமா என்று உண்மையாகவே ஐயப்படும் ஒருவர் இவற்றை இவ்வளவு தயக்கமில்லாமல் செய்ய மாட்டார். இரண்டு கூற்றுகள் மோதுகின்றன என்பதல்ல அவர் சொல்வது. அந்த ஐயம் உங்களிடம் உண்மையில் இல்லை, வாயில் மட்டும்தான் இருக்கிறது என்கிறார். ஐயவாதத்தைச் சொல்லிப் புரியவைக்க முயல்வதே ஐயமில்லாத ஒரு செயல்.

இது தொட்டி மூளை இல்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயத்துக்கும் ஒரு காரணம் வேண்டும் என்பதை இது காட்டிவிடுகிறது. "அப்படி இருக்கலாமே" என்று கற்பனை செய்ய முடிவது காரணம் ஆகாது.

அப்படியானால் "தெரியும்" என்றால் நூறு சதவீதம் உறுதி என்று அர்த்தமில்லையா?

இல்லை என்பதே என் நிலை. தப்பாகிவிட முடியாத அறிவு மட்டும்தான் அறிவு என்றால், சில கணக்குகளையும் "எனக்கு வலிக்கிறது" போன்றவற்றையும் தவிர எதுவும் மிஞ்சாது. "தெரியும்" என்ற சொல்லுக்கு வேலையே இருக்காது. ஐயவாதி வெல்வது பெரும்பாலும் இங்கேதான்: நம் அனுமதி கேட்காமல் "தெரியும்" என்பதற்கு "தப்பவே முடியாது" என்ற பொருளை ஏற்றிவிடுகிறார்.

இருந்தாலும் ஒரு புதிர் மிச்சமிருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பத்து லட்சம் சீட்டுகளில் உங்கள் லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழாமல் போகவே மிக மிக அதிக வாய்ப்பு. குலுக்குவதற்கு முன்பே "விழாது என்று எனக்குத் தெரியும்" என்று சொல்ல ஏனோ தயங்குகிறோம். ஆனால் முடிவை நாளிதழில் படித்ததும் தெரியும் என்கிறோம். அச்சுப் பிழைக்கான வாய்ப்பு அதைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். அறிவு வெறும் நிகழ்தகவு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல அறிகுறி நான் பார்த்ததில்லை. வேறென்ன என்பதில் இன்னும் வேலை நடக்கிறது.

எதையும் ஐயப்படுவது நல்ல பழக்கம்தானே?

எந்த ஐயம் என்பதைப் பொறுத்தது. சிகரெட் நிறுவனம் ஒன்றின் 1969-ஆம் ஆண்டு உள்குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. ஐயம்தான் நம்முடைய சரக்கு என்று அதில் எழுதியிருந்தது. புகைபிடித்தல் தீங்கில்லை என்று நிரூபிக்க அவர்கள் மெனக்கெடவில்லை. "இன்னும் உறுதியாகவில்லை" என்று மக்களை நினைக்க வைத்தால் போதும், விற்பனை நடக்கும். இது தெக்கார்த்தின் வாதம் தெருவுக்கு வந்த வடிவம்: முழு உறுதி இல்லை, ஆகவே தெரியாது.

உண்மையான ஐயவாதி இதைச் செய்ய மாட்டார். அவர் தன் பக்கத்தையும் அதே கோலால் அளப்பார். ஆராயாமல் ஒருவரைத் தேர்ந்துகொள்வதும், ஆராய்ந்து தேர்ந்தவரைப் பிறகு ஐயப்படுவதும் தீராத துன்பம் என்று குறள் சொல்கிறது. அது ஆட்களை நம்பிப் பொறுப்புக் கொடுப்பது பற்றிச் சொன்னது. ஆனால் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஐயத்தைப் புகழ்பவர்கள் இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும். ஒருவர் உண்மையில் தேடுகிறாரா என்று அறிய நான் வைத்திருக்கும் கேள்வி இது: "என்ன காட்டினால் உங்கள் ஐயம் தீரும்?" பதில் இருந்தால் அவரோடு பேசலாம்.

படங்களையும் வீடியோக்களையும் கணினியே உருவாக்கும் காலத்தில் கண்ணால் கண்டதையும் நம்ப முடியாதா?

கண்ணால் கண்டதை நம்பலாம். திரையில் கண்டது வேறு. ஒரு வீடியோவைப் பார்ப்பதைக் காண்டல் என்று இத்தனை காலம் எண்ணிக்கொண்டோம். பழைய பிரிவினைப்படி பார்த்தால் அது எப்போதுமே உரைதான்: யாரோ ஒருவர் "இது நடந்தது" என்று நமக்குச் சொல்கிறார். பொய்யாக்குவது கடினமாக இருந்ததால் சொல்பவர் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இப்போது மறுபடி பட ஆரம்பித்திருக்கிறார். ஆகவே "இது உண்மையாகத் தெரிகிறதா?" என்று உற்றுப் பார்ப்பதைவிட "இதைச் சொல்வது யார், அவருக்கு எப்படித் தெரியும், தப்பானால் அவருக்கு என்ன நேரும்?" என்று கேட்பது உதவும்.

இதையெல்லாம் யோசித்து எனக்கு உண்மையாகவே பயம் வருகிறது. என்ன செய்வது?

உங்களுக்கு முன்பு ஹியூமுக்கும் வந்தது. 1739-இல் வெளியான தன் முதல் நூலில், அப்போது அவருக்கு வயது 27, தன் வாதங்கள் தன்னையே எப்படி இருளில் தள்ளின என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார். எங்கே இருக்கிறேன், நான் யார் என்ற அளவுக்குப் போய்விட்டது. காரண அறிவால் அந்த மேகத்தைக் கலைக்க முடியவில்லை. நண்பர்களோடு சாப்பிட்டு, ஓர் ஆட்டம் ஆடி, பேசிச் சிரித்துவிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, அந்த வாதங்கள் உயிரில்லாதவையாகத் தோன்றின என்கிறார்.

அவர் வாதங்களைக் கைவிடவில்லை, மறுபடி மேசைக்குத் திரும்பினார். நீங்களும் இதைத் தனியாக, நள்ளிரவில் யோசிக்காதீர்கள். பகலில், எதிர்த்துப் பேசக்கூடிய ஒருவரோடு உட்கார்ந்து யோசியுங்கள். சில நாள் கழித்தும் எதுவுமே நிஜமில்லை என்ற உணர்வு விடாமல் இருந்தால் அது தத்துவக் கேள்வி அல்ல, உடல் அல்லது மனக் களைப்பாக இருக்கலாம். மருத்துவரிடம் அதைச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். அப்புறம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் அக்ரிப்பாவின் மூன்று வழிகளுக்குத் திரும்பி வாருங்கள். அவை அங்கேயே இருக்கும்.